ஓடாத வண்டி வாங்கிய அடி

“ஒரு விரல் நுழையுமா மச்சான்?”

“ரெண்டு விரலே நுழையும் அத்தான். கையை விட்டுப் பாருங்க.”

“உன் விரலா, என் விரலா?”

“உங்க விரல்தான். மோதிரத்தோட.”

“அப்போ சரி. இனிமே நம்ம வண்டி கத்துற கத்துல தெருவே திரும்பிப் பாக்கும். உங்க அக்காதான் பாவம், பக்கத்து சீட்ல காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும்.”

இந்த உரையாடலை மெக்கானிக் இரண்டு குரலிலும் பேசிக் காட்டி முடித்தபோது, சர்வேயர் மேடம் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த, நகக்கண்ணில் கிரீஸ் ஊறிய விரல்கள். அவற்றில் இரண்டு நுழையும் இடைவெளி என்றால் தாராளமான இடைவெளிதான்.

“இப்ப அந்த இடத்துல எத்தனை விரல் நுழையும்?” என்று கேட்டாள்.

“ஒரு காகிதம்கூட நுழையாது மேடம்” என்றான் மெக்கானிக். கண் கலங்கிவிட்டது.

சர்வேயர் மேடம் உண்மையில் சர்வேயர் இல்லை, இப்போது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, ‘இது விபத்து, இது நாடகம்’ என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பழைய பெயர் போகவில்லை. அவளுடைய உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர். ஆன் செய்தால் ஆஃப் செய்யத் தெரியாது என்பதால் அவன் அம்மாவே வைத்தது.

“கதையை முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்காக இல்ல, இவனுக்காக. இவனுக்கு கார்ல ஹாரன் மட்டும்தான் தெரியும்” என்றாள் சர்வேயர்.

“ஹாரன்தான் மேடம் எனக்குச் சொந்தக்காரன்” என்றான் ரேடியோ.

மெக்கானிக் சொன்னான். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்தது அக்கா. அக்காவின் கணவர் ஆடிட்டர். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். டாக்டர் நடக்கச் சொன்னதால் வார நாட்களில் ஆபீசுக்கு நடைதான். ஆனால் பிழைத்து வந்தவருக்கு ஓர் ஆசை முளைத்தது. இருக்கும்போதே அனுபவித்துவிட வேண்டும் என்று, தன் பழைய காருக்கு ஹெட்டர் மாட்டச் சொன்னார். எஞ்ஜினிலிருந்து புகையை வாங்கி வெளியே தள்ளும் குழாய்க் கொத்துதான் ஹெட்டர். கம்பெனி கொடுத்த இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வண்டி உறுமும், வேகம் எடுக்கும்.

“ஆனா இது அந்த வண்டிக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச குழாய் இல்ல மேடம். எங்கேயாவது இடிக்கும். நான் பிரேக் பைப்பைத் தள்ளி வெச்சு, சூடு படாம நடுவுல ஒரு தகடும் மாட்டினேன். தகட்டுக்கும் பிரேக் பைப்புக்கும் நடுவுலதான் அந்த ரெண்டு விரல் இடைவெளி. டெஸ்ட் பண்ணி அனுப்பினேன். கொஞ்ச நாள்லயே, ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வெளியே போனப்ப, சிக்னல்ல பிரேக் பெடல் தொபுக்குனு உள்ளே போயிடுச்சு. முன்னாடி நின்ன லாரிக்கு முத்தம் கொடுத்து நின்னிருக்கு வண்டி. திறந்து பாத்தா, தகடு நசுங்கி பிரேக் பைப்மேல ஒட்டிக்கிட்டிருக்கு. சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு.”

“சரி பண்ணினீங்க?”

“பண்ணினேன். மறுபடியும் நசுங்குச்சு. கெட்டித் தகடு போட்டேன். அதுவும் நசுங்குச்சு. அத்தான் இப்ப என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிறார். ‘ஒண்ணு உனக்கு வேலை தெரியல, இல்ல என்னைத் தீர்த்துக்கட்டப் பாக்கற. இந்த ஞாயிறும் பெடல் உள்ளே போச்சுன்னா போலீசுக்குப் போவேன். அப்புறம் என் வீட்டுப் படியை நீ மிதிக்கக்கூடாது’ன்னுட்டார்.” மெக்கானிக் மூக்கை உறிஞ்சினான். “ஒர்க்‌ஷாப் போனா போகட்டும் மேடம். அக்கா வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் கிடையாது.”

ஒர்க்‌ஷாப்பில் காரை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சர்வேயர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் குனிந்தாள். நான்கு குழாய்கள் எஞ்ஜினிலிருந்து வளைந்து இறங்கி ஒன்றாகச் சேர்ந்தன. அதில் ஒன்றின் தோளில் மட்டும் பளபளப்பான தேய்ப்பு.

“இங்கதான் தகடை இடிக்குது” என்றாள். “எப்படி டெஸ்ட் பண்ணினீங்க?”

“நிக்கிற வண்டியில இடைவெளி பார்த்தா போதாது மேடம். ஆக்சிலேட்டரை மிதிச்சா எஞ்ஜின் ஒரு பக்கம் சாயும். அப்பதான் இடிக்கும். அதனால வண்டியைக் கீழே இறக்கி, பிரேக்கை அழுத்திக்கிட்டு, முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவா விட்டுப் பாப்போம். இருங்க, காட்டறேன்.”

காட்டினான். எஞ்ஜின் உறுமியது. ரேடியோ காதைப் பொத்திக்கொண்டான். எஞ்ஜின் மெல்லத் தோளைச் சாய்த்தது. ஆனால் குழாய் தகட்டின் பக்கம் போகவில்லை. அதைவிட்டு விலகிப் போனது.

“பாத்தீங்களா? சாயறது அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இடைவெளி கூடத்தான் செய்யுது. இடிக்க வாய்ப்பே இல்ல மேடம். யாரோ சுத்தியலால அடிக்கிறாங்க!”

ரேடியோ சர்வேயரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். “மேடம், சந்தேகம் மூணு பேர் மேல. எதிர் ஒர்க்‌ஷாப்காரன், தொழில் போட்டி. ஆடிட்டர், மச்சானை வீட்டை விட்டு விரட்ட ஒரு சாக்கு. மூணாவது...” குரலைத் தாழ்த்தினான். “நம்ம கட்சிக்காரனே. வேலையைச் சொதப்பிட்டு, சுத்தியல் கதை விடறான்.”

“நாலாவது?”

“நாலாவது யாரு?”

“எஞ்ஜின்” என்றாள் சர்வேயர். “சுத்தியல் பட்டா சொட்டை விழும். அந்தக் குழாயில சொட்டை இல்ல, தேய்ப்பு. குழாயே போய் இடிச்சிருக்கு. இந்த எஞ்ஜின் நமக்கு ஒரு முகம் காட்டுது, வேற யாருக்கோ இன்னொரு முகம் காட்டுது.”

“என் பழைய முதலாளி மாதிரி” என்றான் ரேடியோ.

தகட்டை மறுபடி நேராக்கி மெக்கானிக் வண்டியைக் கொண்டுபோய் விட்ட அன்று மாலை, இருவரும் ஆடிட்டர் வீட்டுக்குப் போனார்கள்.

வீடு சாலையைவிடத் தாழ்வு. வாசலின் ஓரமாக ஒரு சரிவுப்பாதை செங்குத்தாகக் கீழே இறங்கி கார் ஷெட்டில் முடிந்தது. இரண்டு பக்கமும் சுவர். ஒரே ஒரு கார் போகும் அளவுக்கே இடம். கார் மூக்கைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றது, தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. இடது சுவர் ஓரம் நெருக்கியடித்துக்கொண்டு பூந்தொட்டிகள். வலது சுவர் ஓரம் காலி. தரையில் தொட்டிகள் நின்ற வட்டத் தடங்கள் மட்டும் வெளுத்துக் கிடந்தன.

ஆடிட்டர் சட்டைப் பையில் பேனாவோடு இறங்கி வந்தார். “பாருங்க, தாராளமா பாருங்க. யார் தப்புன்னு வெளியில தெரியட்டும். நான் கணக்குப் பாக்கறவன். மீட்டரைப் பாத்து வெச்சிருக்கேன். ஞாயிறு வரைக்கும் வண்டி அசையாது. சாவி ஹால் ஆணியில தொங்கும்.”

“வேற சாவி?”

“என் மச்சான்கிட்ட ஒண்ணு” என்றார், அந்தச் சொல்லைக் கடித்துத் துப்புவது போல.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு வழுக்கைத் தலை முளைத்தது. “ஆடிட்டர் சார், உங்க சிங்கத்தைக் கொஞ்சம் அடக்கி வைங்களேன். தினமும் மத்தியானம் கண்ணை மூட முடியல.”

“தினமுமா? நான் எடுக்கறதே ஞாயித்துக்கிழமைதான் சார்.” ஆடிட்டர் சர்வேயர் பக்கம் திரும்பி, “பொறாமை. அவர் வண்டி தள்ளினாத்தான் கிளம்பும்” என்றார்.

ஆடிட்டரின் மனைவி டீ எடுத்து வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, அமைதியான முகம். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாளா என்று ரேடியோ பார்த்தான். கேட்கவில்லை. காரைப் பார்த்தாள், கீழே பார்த்தாள்.

“மத்தியானம் வீட்ல இருப்பீங்களாம்மா?” என்றாள் சர்வேயர்.

“இருப்பேன். தூங்கிடுவேன்.”

“இந்தச் சத்தத்துலயா?”

கோப்பை தட்டில் ஒருமுறை கிணுங்கியது. “எனக்கு... நல்ல தூக்கம் வரும்.”

“தொட்டியெல்லாம் இடம் மாறியிருக்கே?”

“அந்தப் பக்கம் வெயில் பத்தல. அதான் மாத்தினேன்.”

சர்வேயர் தலையாட்டிவிட்டு ரேடியோவிடம் கை நீட்டினாள். “உன் மதியச் சாப்பாடு சுத்தின அலுமினியத் தாளைக் கொடு.”

“மேடம், அதுல இன்னும் கால்வாசி சாப்பாடு இருக்கு.”

“வாயில போட்டுக்கோ. கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும்.”

தாளைக் கசக்கி இரண்டு உருண்டைகள் செய்தாள். ஒன்றைக் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்தாள். இன்னொன்றை எஞ்ஜினின் மறுபக்கம், எஞ்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில். இரண்டும் விழாமல் கம்பியால் கட்டினாள். எல்லாவற்றையும் எஞ்ஜின் மூடியைத் தூக்கி, முதுகை மறைத்துக்கொண்டு செய்ததால், என்ன செய்தாள் என்று ரேடியோவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை திரும்பி வந்தார்கள். இந்த முறை மெக்கானிக்கும் கூட வந்தான். அத்தான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றவனை, “ஷெட்டுக்கு செருப்போட வரலாம். படிதானே மிதிக்கக்கூடாதுன்னார்?” என்று ரேடியோ இழுத்து வந்தான்.

சரிவில் இறங்கும்போதே சர்வேயர் மூக்கைச் சுருக்கினாள். லேசாக ஒரு கருகல் வாசனை. இடது சுவரை நிமிர்ந்து பார்த்தாள். தொட்டிகள் முழு நிழலில் இருந்தன. மாலை வெயில் மொத்தமும் காலியான வலது சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

“மீட்டர்ல ஒரு எண்கூட மாறல” என்றார் ஆடிட்டர். “காலையிலகூடப் பாத்தேன். வண்டி நின்ன இடத்துல நிக்குது.”

சர்வேயர் மூடியைத் தூக்கி, கம்பியை அவிழ்த்து, இரண்டு உருண்டைகளையும் எடுத்து உள்ளங்கையில் நீட்டினாள். மறுபக்கத்து உருண்டை வைத்தபடியே உருண்டையாக இருந்தது. தகட்டுப் பக்கத்து உருண்டை, நாணயம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. அதன் நடுவில் குழாயின் வளைவு அச்சடித்தது போலப் பதிந்திருந்தது.

“ஓடாத வண்டி அடி வாங்கியிருக்கு” என்றாள்.

“பேய்!” என்றான் ரேடியோ. “அதுவும் லைசென்ஸ் இல்லாத பேய்.”

“மெக்கானிக், முதல் கியர்ல எஞ்ஜின் எந்தப் பக்கம் சாஞ்சுது?”

“தகடை விட்டு விலகித்தான் மேடம். இந்த முழு உருண்டை இருக்கே, இந்தப் பக்கம்.”

“அதே எஞ்ஜின் எப்ப எதிர்ப் பக்கம் சாயும்?”

“மனசு மாறினா” என்றான் ரேடியோ.

மெக்கானிக் நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டான். “ரிவர்ஸ்! ரிவர்ஸ் கியர் போட்டா சக்கரம் எதிர்ப் பக்கம் சுத்தும், எஞ்ஜினும் எதிர்ப் பக்கம் சாயும். ஐயோ மேடம், நான் ரிவர்ஸ்ல டெஸ்டே பண்ணல! யாருமே பண்ணமாட்டோம். ஹெட்டர் மாட்டறவன் எவனாவது பின்னாடி போறதுக்கா மாட்டுவான்?”

“நானும் ஞாயித்துக்கிழமை ரிவர்ஸ்லதானே மேலே ஏத்தறேன்?” என்றார் ஆடிட்டர்.

“நீங்க பழகின கால் சார். பூ மாதிரி அழுத்துவீங்க. குழாய் தகடைத் தொட்டுட்டுத் திரும்பிடும். இது அப்படி இல்ல. ஆக்சிலேட்டரைப் போட்டு மிதிச்சு, கிளட்சைக் கருக்கி, திரும்பத் திரும்ப இந்தச் சரிவுல ஏத்தியிருக்காங்க. எஞ்ஜின் தூக்கித் தூக்கி அடிச்சிருக்கு. வாசனை இன்னும் போகல பாருங்க” என்றாள் சர்வேயர்.

“மீட்டர் மாறலையே! கணக்கு உதைக்குதே?”

“பழைய வண்டி சார். பின்னாடி போனா மீட்டரும் பின்னாடி சுத்தும். ரிவர்ஸ்ல ஏறும்போது குறையும், முன்னாடி இறங்கும்போது கூடும். வரவும் செலவும் நேர்.”

ஆடிட்டரின் முகத்தில் தன் வேலையில் தப்பு கண்டுபிடிக்கப்பட்ட மனிதனின் சிவப்பு ஏறியது. ஆனால் அது சட்டென்று கோபமாகத் திரும்பியது. “சாவி இருக்கிறது ரெண்டு பேர்கிட்ட. நான் மத்தியானம் ஆபீஸ்ல இருக்கேன். அப்போ இவன்தான்! திருட்டுத்தனமா வந்து...”

“அத்தான்! நான் எதுக்கு அத்தான்...”

“பேசாதே!”

“ஒரு நிமிஷம் சார்,” ரேடியோ புகுந்தான், “உங்க ஆபீஸ் நடக்கிற தூரம்தானே? மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துட்டுப் போகலாமே? மச்சானைக் கழட்டிவிட இதைவிட நல்ல...”

“யோவ்! என் வீட்ல நின்னுக்கிட்டு என்னையே சந்தேகப்படறியா?” ஆடிட்டர் மெக்கானிக்கின் தோளைப் பிடித்து மேலே தள்ளினார். “போடா வெளியே. இன்னையோட உனக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!”

மெக்கானிக் தடுமாறிப் போய்ச் சுவரில் சாய்ந்தான். மேலே, படிக்கட்டில், அக்கா நிற்பதை ரேடியோ அப்போதுதான் கவனித்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

சர்வேயர் யாரையும் பார்க்காமல், காலியான சுவரோரம் நடந்து, வெளுத்த வட்டங்களுக்கு அருகே நின்றாள்.

“காரோட புகை வெளியே வர்ற பக்கம் இது” என்றாள், தனக்குள் பேசிக்கொள்வது போல. “வாரத்துக்கு ஒரு தடவை புகை பட்டா செடி வாடாது. தினமும் பட்டா வாடும். யாரோ ஒருத்தருக்கு இந்தச் செடிங்க மேல பாசம். நல்ல வெயிலை விட்டு நிழலுக்குத் தூக்கி வெச்சு, பட்டுப்போகாம காப்பாத்தியிருக்காங்க. அப்படிப்பட்டவங்க ஒரு மனுஷனோட பிரேக்கை வேணும்னே கெடுக்கமாட்டாங்க. கெடுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. மிச்சத்தை நான் சொல்லமாட்டேன்.”

ரேடியோ படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான்.

படியில் காலடி கேட்டது. அக்கா இறங்கி வந்தாள். நேராகத் தம்பியிடம் போய், அவன் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். அவள் கையில் கார் சாவி இருந்தது.

“என்னாலயா?” என்றாள், சர்வேயரைப் பார்த்து. “அந்த பிரேக்... என்னாலயா போச்சு?”

“ஆமாம்மா. குழாய் இடிச்சு இடிச்சு.”

“ஐயோ.” சாவியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். “தகடு நசுங்குதுன்னு தம்பி சொன்னான். எனக்கு அதெல்லாம் புரியல. நான் ரோட்டுக்குக்கூடப் போகலையே, இங்கதானே ஏத்தி இறக்கறேன்னு...”

“நீயா?” ஆடிட்டர் அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். “நீ எதுக்குடி...? உனக்குத்தான் பயமாச்சே!”

“யார் சொன்னா பயம்னு? நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து.”

மதிலுக்கு மேலே வழுக்கைத் தலை முளைத்தது. ரேடியோ கை காட்டினான். தலை மறைந்தது.

“அன்னைக்கு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு சோபாவுல சாஞ்சீங்களே,” என்றாள் அக்கா, “ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டேன். வரவே இல்ல. தம்பி ஊர்ல இல்ல. நான் சாவியை எடுத்துக்கிட்டு இங்க ஓடி வந்தேன். நீங்க ஓட்டறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து, எது எங்கேன்னு தெரியும். ஸ்டார்ட் கூட பண்ணிட்டேன். ரிவர்ஸ் போட்டேன். ஏறலைங்க. கொஞ்சம் ஏறும், நின்னுடும், கீழே உருண்டு வந்துடும். திரும்பவும் போடுவேன். திரும்பவும் உருளும். மேலே நீங்க இருக்கீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியல. ஆம்புலன்ஸ் வந்து சேர்ற வரைக்கும் நான் இந்தச் சரிவுல அழுதுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

ஆடிட்டர் காரின் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க பிழைச்சு வந்து இந்தக் குழாயை மாட்டினீங்க. உங்க ஆசை. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு இந்தச் சரிவு ஏறணும். அது மட்டும்தான். தினமும் நீங்க போனப்புறம் எடுத்துப் பழகினேன். இப்ப ஏறுது. சுவர்ல இடிக்காம, உருளாம மேல் வரைக்கும் ஏறிடுது.” முகத்தில் அழுகையோடு ஒரு சின்னப் பெருமையும் வந்து நின்றது. “சொல்லியிருக்கலாம்தான். கேட்டா சிரிப்பீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிப்பீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடைந்த குரலில் வேலைப் பேச்சுக்குத் தாவினான். “அத்தான், எஞ்ஜினைத் தாங்கற ரப்பர் பழசு, தளர்ந்து போச்சு. அதைப் புதுசா மாத்திடறேன். குழாயையும் இடிக்கிற இடத்துல சூடு பண்ணி உள்ளே ஒரு பள்ளம் அழுத்திடறேன். அப்புறம் ரிவர்ஸ்ல எவ்வளவு மிதிச்சாலும் இடிக்காது.”

“செய்” என்றார் ஆடிட்டர். மச்சானைப் பார்க்க முடியாமல் அவன் கையை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டார். “செய்யுடா. முதல்ல மேலே வந்து சாப்பிடு.”

சர்வேயர் ரேடியோவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், கிளம்பலாம் என்று. அவன் நகரவில்லை. அக்கா கணவனுக்கு எதிரே வந்து நின்றிருந்தாள். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஆனால் விரல்களை எடுக்கவில்லை.

“எனக்குப் பின்னாடி போக மட்டும்தாங்க வருது” என்றாள். “முன்னாடி ஓட்டக் கத்துக் கொடுங்க.”